கம்பிக்கு இந்தப் பக்கம்

1

எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு கேசட் வரும். தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் என் தங்கை கோமு பேசி அனுப்புவாள். கடிதம் எழுதினால் கை வலிக்கிறதாம். நாள் முழுக்கத் தட்டச்சு அடிப்பவள் சொல்கிறாள். யாருக்குக் கல்யாணம், மேலகரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் புதிதாக டி.வி. வந்திருக்கிறது, அதைப் பார்க்கப் போனவர்களை எப்படி உட்கார வைத்தார்கள், இதெல்லாம் முதல் பக்கம். இரண்டாம் பக்கம் அம்மாவுக்கு. ஒரு பெட்டியைப் பார்த்துப் பேச அம்மாவுக்கு இன்னும் கூச்சம். "நல்லாருக்கியாட்டி? சரி. பிள்ள நல்லாருக்காளா? சரி. வேற என்ன" என்பதோடு முடிந்துவிடும். மீதி டேப் வெறுமனே சுற்றும்.

போன சனிக்கிழமை வந்த கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் 'சீசன்' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டேன். ஒரே இரைச்சல். தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் நித்யா தலையைத் தூக்கி, டேப் கெட்டுப்போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஐந்து வயதாகிறது. தமிழில் கேட்டால் புரிந்துகொள்கிறாள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது.

டேப் கெட்டுப்போகவில்லை. குற்றாலத்துப் பெரிய அருவியில் தண்ணீர் நிறைய விழும் நாளின் சத்தம் அது. எத்தனை கடல் தாண்டிக் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

உடனே நிறுத்திவிட்டேன். கோமு அருவிப் பக்கமே போகக் கூடாது. அப்படி அவளிடம் சொன்னவள் நான். சொன்னதிலிருந்து அவள் என்னிடம் அருவி என்ற சொல்லையே எடுத்ததில்லை. இப்போது ஒரு பக்கம் முழுக்க அருவியை அனுப்பியிருக்கிறாள். இரைச்சல் எவ்வளவு கிட்டத்தில் இருந்து வருகிறது என்று யோசிக்க யோசிக்க, திரும்பவும் பொத்தானை அமுக்கக் கை வரவில்லை. கேசட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

2

ஊரில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களுக்கு அம்மா, "ஷாக் வைக்குத மிஷினு செய்யுதா" என்று சொல்வாள். பாதி சரி. நான் செய்வதில்லை, சோதிக்கிறேன்.

இதயம் திடீரென்று துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிப்பது உண்டு. நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. ஆள் விழுந்துவிடுவார். அந்த நேரத்தில் நெஞ்சின் குறுக்கே ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தால் சில சமயம் நடுக்கம் நின்று துடிப்பு திரும்பும். முன்பெல்லாம் டாக்டர்தான் திரையைப் பார்த்து முடிவு செய்வார். நாங்கள் சோதிக்கும் பெட்டி தானே முடிவு செய்யும். நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினால் போதும். உள்ளே நடப்பதைக் கவனித்து, தேவையென்றால் அதிர்ச்சி கொடுக்கும். அதற்கு முன்னால் ஒரு ஆண் குரலில், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லும்.

என் மேஜைக்குப் பின்னால் ஒரு அடுக்கு முழுக்க டேப்புகள். எல்லாம் யார் யாருடைய இதயங்களோ. வகை பிரித்து அடுக்கியிருக்கிறேன்.

சாதாரணத் துடிப்பு. வேகமானாலும் ஆபத்தில்லாதது. நடுக்கம். நின்றுபோனது. கடைசியாக, இதயமே அல்லாதது: ஆம்புலன்ஸ் குலுக்கல், மின்கம்பியின் ரீங்காரம், நோயாளியை யாரோ பிடித்து உலுக்குவது.

ஒவ்வொன்றையும் பெட்டிக்குப் போட்டுக் காட்டி, அது சொல்வதைக் குறித்துக்கொள்வேன். அது இரண்டு விதமாகத் தப்புச் செய்யலாம். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கலாம். பேசக் கூடாத இடத்தில் பேசலாம். நன்றாகத் துடிக்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்தால் அதுவே ஆளைக் கொல்லலாம் என்பதால், சந்தேகம் என்றால் வாயை மூடிக்கொள் என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இங்கே அமெரிக்காவில் என்னை 'யூலா' என்று கூப்பிடுகிறார்கள். உலகம்மாள் என்பதில் அவர்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான். முதல் வருடம் திருத்தினேன். இப்போது ஊருக்கு டெலிபோனில் பேசும்போதுகூட, "ஹலோ, யூலா" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். மேலகரத்தில் போன் இருப்பது சுப்பையா அண்ணாச்சி கடையில் மட்டும்தான். அவர் அந்தப் பக்கம், "யாரு? ஊலாவா? அப்படி ஆளு இங்கன யாரும் இல்லம்மா" என்பார், வேண்டுமென்றே.

3

எங்கள் அப்பாவுக்குத் தென்காசி ரத வீதியில் ஜவுளிக்கடை. சீசன் தொடங்கிவிட்டால் அவரைப் பிடித்து வைக்க முடியாது. விடிந்ததும் சைக்கிளில் குற்றாலம் போவார். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் நிற்பார். அங்கிருந்து வந்துதான் கடை திறப்பார். "தண்ணி விழாத அன்னைக்கு யாவாரமும் விழாது" என்பது அவர் கண்டுபிடிப்பு.

எழுபதுகளின் நடுவில், நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போனோம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். அம்மா, நான், சின்னவளான கோமு மூன்று பேரும் பெண்கள் பக்கம் நின்றோம். தண்ணீருக்கடியில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கத்துவதுகூடக் கேட்காது. யாரோ அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துக் காட்டியபோதுதான் பார்த்தோம். அப்பாவைப் பாறையில் கிடத்தியிருந்தார்கள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"வலிப்புப்பா! இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க!"

அருவியில் குளிக்கிறவனிடம் இரும்புக்கு எங்கே போவது? ஒரு லாரி டிரைவர் மட்டும் இடுப்புத் துண்டில் சாவியை முடிந்து வைத்திருந்தார். புனலூர்க்காரர், செங்கோட்டை வழியாகச் சரக்கு ஏற்றிப்போகிறவர். ஓடிவந்து சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது.

"ஆங், நின்னுட்டு! நின்னுட்டு!" என்று சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் சோடா உடைத்துவந்து முகத்தில் அடித்தார். முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது. அம்மா, "இந்தா பாருங்க, என்னப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை அதிக நேரம் காக்க வைக்கவில்லை. வெளியே வந்தால் வாசலில் அந்த டிரைவர், ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அப்பாவை ஏற்றிவந்த காருக்குப் பின்னாலேயே எப்படியோ வந்திருக்கிறார். அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னய்யா?" என்றாள் அம்மா.

"சேச்சி… ஒண்ணும் விசாரிக்கண்டா. அந்தத் தாக்கோல்…"

சாவி அப்பாவின் கைக்குள்ளேயே இருந்தது. அது இல்லாமல் அவர் லாரி நகராது. அம்மா உள்ளே போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

இதயம் நடுங்கத் தொடங்கும் முதல் கணங்களில், இரத்தம் போகாத மூளை கைகாலை அப்படி இழுக்க வைக்கும் என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன். பார்ப்பதற்கு அச்சாக வலிப்புதான். இழுப்பு தானே நின்றுவிடும். அது நல்ல செய்தி அல்ல. அங்கே எல்லோரும் ஆளைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சை அழுத்த வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரைக் குறை சொல்ல? அந்த டிரைவரின் முகத்தை நினைத்தால், குறை சொல்கிற எண்ணமே கூசுகிறது.

4

'வலிப்பு வந்து போயிட்டார்' என்று ஊர் சொன்னது. சில வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தோட்டத்துப் பம்புசெட்டில் குளிக்கப் போன கோமு, குழாய்த் தண்ணீர் தலையில் விழுந்ததும் சுருண்டு விழுந்தாள். தானே எழுந்துவிட்டாள். ஆனால் பெயர் தயாராக இருந்தது. அப்பனுக்கு இருந்தது மகளுக்கும் வந்துவிட்டது.

தூக்கம் வரவழைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கூடவே கூடாதவை: அடுப்புப் பக்கம் தனியாக நிற்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கூடாது. சைக்கிள் கூடாது. அருவி கூடவே கூடாது. நெருப்பும் தண்ணீரும் வலிப்புக்காரர்களுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம்.

மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. சீசன் மாதங்களில் எங்கள் வீடு சொந்தக்காரர்களால் நிறைந்துவிடும். மதுரையில் இருந்தும் மெட்ராஸில் இருந்தும் வருவார்கள். காலையில் அத்தனை பேரும் அருவிக்குக் கிளம்புவார்கள். கோமு அவர்களுக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்வாள். ஈரத்தலையும் பசியுமாகத் திரும்புகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள்.

"தண்ணி எப்படிட்டி விழுது?"

"சும்மா அடிச்சுத் தள்ளுதுட்டி. முதுகு பிஞ்சிட்டு."

"அவ்வளவுதானா? அடுத்த தெரு கௌசல்யா மூச்சே விட முடியலைன்னால்லா?"

மற்றவர்கள் சொல்லச் சொல்ல, குற்றாலத்தைப் பற்றி அவளுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்திருந்தது.

5

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு புது டேப் வந்தது. ஒரு பள்ளிச் சிறுமியுடையது. நீச்சல் குளத்தில் குதித்ததும் மயங்கியவள். பல காலம் வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். எங்களுக்கு ஆலோசனை சொல்ல வரும் இதய மருத்துவர், கோடுகளின் மேல் விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்குத் தயாராக இந்த இதயம் எடுத்துக்கொள்ளும் நேரம் நீளம். அந்த இடைவெளியில் குளிர்ந்த தண்ணீரோ ஒரு திடுக்கிடலோ வந்து இடித்தால் நடுக்கம் தொடங்கிவிடலாம். குடும்பத்தில் வழிவழியாக வரும்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

என்னையும் நித்யாவையும் முதலில் சோதித்தார்கள். இருவருக்கும் சரியாக இருந்தது. அடுத்த சீசனில் லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினேன். எங்கள் தலைமைப் பொறியாளர் டான், கழித்துப்போட இருந்த ஒரு பழைய சோதனைப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். வெயிலிலும் ஈரத்திலும் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். எனக்கு வேறு காரணம் இருந்தது என்று அவருக்கும் தெரியும்.

மெட்ராஸ் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, வீடியோ டெக்கா?"

"இல்ல சார். ஹார்ட் மிஷின்."

"டெக்கை எல்லாரும் எதுனா மிஷின்னுதான் சொல்றாங்க. போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினேன். பட்டைகளை ஒட்டவும் என்று பெட்டி கணீரென்று பேசியது. அவர் ஒரு அடி பின்னால் போனார். வரிசையில் நின்ற துபாய்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு அதிகாரி, அவருக்கு மேல் ஒருவர், டான் கொடுத்த கடிதத்தில் முத்திரை ஏன் இல்லை, இருக்கும் முத்திரை ஏன் ரப்பர் முத்திரையாக இல்லை. கடைசியில் பெட்டியை என் பாஸ்போர்ட்டில் எழுதினார்கள். திரும்பும்போது என்னோடு வெளியேற வேண்டும், இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது.

முதல் ஆள் என்னைக் கதவு வரை கொண்டுவந்து விட்டார். "ஏம்மா, மெய்யாலுமே செத்தவன் எந்திரிப்பானா?"

"சில பேர்."

"அப்போ இதை ஏன் திருப்பி எடுத்துனு போற?" என்று கேட்டார், பாஸ்போர்ட்டில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவரே.

6

கோமுவை மதுரைக்குக் கூட்டிப்போய் இதய டாக்டரிடம் காட்டினோம். கோடுகள் ஓடிய தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். வலிப்பு மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தச் சொன்னார். "வலிப்பே கிடையாது. இது ஹார்ட்" என்றார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் நீச்சல் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று இறங்கக் கூடாது, ஓடக் கூடாது என்றார்.

அம்மா முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். சிவகிரியில் ஏறிய பூக்காரியிடம் சொன்னாள். கடையநல்லூரில் ஏறி, சவூதியில் இருக்கும் மகனைப் பற்றிப் பேசவந்த ஒரு அம்மாளைப் பேசவிடாமல் சொன்னாள். "எம்புள்ளைக்கு வலிப்பு இல்லையாம். டாக்டரே சொல்லிட்டாரு." கோமு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அந்த பஸ்ஸில் நான் எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்துக்குள் எங்கே வாயை நுழைப்பது?

மறுநாள் காலை. முற்றத்தில் பெட்டியை வைத்து ஈரப்பதச் சோதனைக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். நல்ல சாரல். எண்ணெய் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் கோமு. தலையிலும் கையிலும் எண்ணெய் மின்ன, தோளில் துண்டு, மாற்றுத் துணிப் பை. பின்னால் கிண்ணத்தோடு அம்மா.

"யக்கா, இன்னும் கெளம்பலையா? அமெரிக்காக்காரிக்குத் தண்ணி குளிருமோ?"

"எங்கட்டி போற?"

"எங்கயா? கேள்வியப் பாரு. அருவிக்குத்தான்."

"வேண்டாம் கோமு."

அம்மாதான் முதலில் கேட்டாள். "ஏட்டி, வலிப்பு இல்லைன்னுல்லா சொன்னாவ? பொறவு தண்ணிக்கு என்ன?"

அம்மாவின் கணக்கில் பிழையே இல்லை. அருவியைத் தடுத்தது வலிப்பு. வலிப்பு போனால் தடையும் போக வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"வலிப்புக்காரங்களைத் தண்ணிகிட்ட விடாதது அவங்க முங்கிருவாங்கன்னும்மா. இவளுக்கு அப்படியில்ல. குளிர்ந்த தண்ணி மேல விழுந்தாலே ஹார்ட் தடுமாறிரும். அப்பாவுக்கும் அதாத்தான் இருக்கணும்."

"அப்பா நாப்பது வருசமா குளிச்சாவளே" என்றாள் கோமு.

"ஒரு நாள் செத்துப்போனாவளே."

சொல்லிவிட்டேன். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

கோமு என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். முகம் மறுபடி மலர்ந்தது. "சரி, இதைக் கொண்டாந்திருக்கேல்லா? எனக்குத்தான கொண்டாந்தே? நீ தூக்கிட்டு வந்து பக்கத்துல நில்லு. நான் விழுந்தா வை."

"அப்படியெல்லாம் முடியாது."

"ஏன் முடியாது? செத்தவன எழுப்புதுன்னு கஸ்டம்ஸ்காரன்ட்டயே காமிச்சியாமே."

நான் வரிசையாகச் சொன்னேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். பட்டை ஈரத்தில் ஒட்டாது. எண்ணெய் தேய்த்த நெஞ்சில் ஒட்டவே ஒட்டாது. உன்னைத் தண்ணீரில் இருந்து வெளியே இழுத்துத் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஈரப் பாறையில் அதிர்ச்சி கொடுக்க முடியாது. அது வேலை செய்யும்போது யாரும் உன்னைத் தொடக் கூடாது, நம் ஊரில் யார் தொடாமல் நிற்பார்கள்? இது கழித்துப்போட்ட பெட்டி. எல்லாம் சரியாக நடந்தாலும் எழுந்திருப்பாய் என்று உறுதி இல்லை.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப வெள்ளைக்காரனுவளுக்கு மட்டும்தான் வேலை செய்யுமோ? எண்ணெ தேய்க்காத நெஞ்சுக்கு?"

"குளிக்க மட்டும் இல்ல, அந்தப் பக்கமே நீ போகாத கோமு. போனா நிக்கத் தோணும். எனக்குச் சத்தியம் பண்ணு" என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. சந்தேகம் என்றால் பேசாதே என்று ஒரு பெட்டிக்குக் கற்றுக்கொடுப்பவள், சந்தேகத்தில் அதிகமாகப் பேசினேன்.

கோமு சத்தியம் பண்ணவில்லை. தோள் துண்டை எடுத்து நான்காக மடித்தாள்.

"வலிப்புன்னு சொன்னப்ப ஊருதான் தடுத்துது. ஊரைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன், அது ஒரு சொகம். இப்ப யாரைத் திட்டச் சொல்லுத?"

அம்மா வெந்நீர் போட்டாள். அந்த எண்ணெயைக் குளியலறைக்குள் வெந்நீர் ஊற்றித்தான் போக்கினாள் கோமு. வெளியே சாரல் விழுந்துகொண்டே இருந்தது. தெருவில் வேன்கள் குற்றாலம் போய்க்கொண்டே இருந்தன.

7

பெட்டி என்னோடு திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டில் எழுதியதை அடித்துவிட்டார்கள்.

வந்ததும் என் முன்கையில் நல்லெண்ணெய் தடவிப் பட்டையை ஒட்டிக் காட்டினேன். வழுக்கி மேஜையில் விழுந்தது. டான் சிரித்தார். யார் உடம்பெல்லாம் எள் எண்ணெய் பூசிக்கொண்டு விழப்போகிறார்கள் என்று கேட்டார். சீசனில் எங்கள் ஊரே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதச் சொன்னார். இப்போது பெட்டியோடு வரும் குறிப்பில், நெஞ்சில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் துணியால் நன்றாகத் துடைக்கவும் என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஊருக்காக நான் செய்தது இவ்வளவுதான். அந்தக் குறிப்பு எங்கள் ஊருக்குப் போகப்போவதில்லை.

வலிப்பு இல்லை என்ற செய்தி பரவி, கோமுவைப் பெண் பார்க்கச் சிவகிரியில் இருந்து வந்தார்கள். எதையும் மறைக்க வேண்டாம் என்று நான்தான் எழுதியிருந்தேன். வலிப்பு இல்லை என்றதும் சிரித்தார்களாம். ஹார்ட் என்றதும் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்களாம். "பாதிக் காப்பிய வச்சிட்டுப் போயிட்டாவ, நான்தான் குடிச்சேன். சீனி கம்மி" என்று கேசட்டில் சொன்னாள் கோமு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மயங்கவில்லை. உயிரோடு இருக்கிறாள். எடுத்த முடிவு சரி. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. சரியான விடை இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்று காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அருவிக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பி வரைக்குமாவது போயிருக்கலாம். இரண்டு பேரும் சாரலில் நனைந்துவிட்டு, ஒரு மங்குஸ்தான் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

8

புதன்கிழமை சாயங்காலம் கேசட்டை எடுத்துப் போட்டேன். நித்யாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன், துணைக்கு.

இரைச்சல். அதற்குள் ஆண்களின் கூச்சல். போலீஸ்காரரின் விசில். எண்ணெய்த் தேய்ப்புக்காரர் ஒருவர் ஆள் கூப்பிடுகிறார். பழக்காரி கத்துகிறாள். பிறகு இரைச்சல் கனத்துவிட்டது. மைக்கை மேலும் கிட்டக் கொண்டுபோயிருக்கிறாள். வேறு எந்தச் சத்தமும் இல்லை. வெறும் தண்ணீர். நெடுநேரம். நித்யா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

திடீரென்று காதுக்குள் கோமு.

"யக்கா! கேக்கா? பயந்துட்டியா? பயப்படாத. நான் கம்பிக்கு இந்தப் பக்கந்தான் நிக்கேன். அம்மாவும் இங்கனதான் இருக்கா, கொடையப் பிடிச்சிக்கிட்டு. சாரல் மட்டும் மூஞ்சில அடிக்கி. அது பரவாயில்லல்லா? மதுரை டாக்டர்ட்ட கேட்டுட்டேன், பாக்கலாம்னுட்டாரு. நீதான் அன்னைக்குக் கூடக் கொஞ்சம் சேத்துச் சொல்லிட்ட." சிரிக்கிறாள். "யக்கா, நீ டேப்பு டேப்பா மிஷினுக்குப் போட்டுக் காமிக்கியே, இதையும் போட்டுக் காமி. அது என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லு."

அம்மாவின் குரல் தூரத்தில்: "எவ்வளவு நேரம்ட்டி அதுட்டயே பேசுவ? கொடை பறக்கி."

டக்கென்று முடிந்தது.

"யாரு அது?" என்றாள் நித்யா. தமிழில்.

"சித்தி."

"சித்தி மழையில நிக்கிறாளா?"

"மழையில்ல கண்ணு. அருவி. கிட்ட நிக்கிறா."

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கேசட்டைப் பெட்டிக்கு இணைத்துப் போட்டேன். இதயங்கள் துடிக்கும் வேகத்தில் அருவிக்குள் எதுவும் இல்லை. இரைச்சல் முழுவதையும் பெட்டியின் வடிகட்டி தள்ளிவிட்டது. தள்ளி நில்லுங்கள் என்று அது சொல்லவில்லை. கொஞ்சம் கவனித்துப் பார்த்துவிட்டு, பட்டைகள் யார் மேலும் ஒட்டப்படவில்லை என்றது.

சரியான பதில்தான். அருவிக்கடியில் கோமு இல்லை. குறித்துக்கொள்ளும் வழக்கத்தில் பேனாவை எடுத்தேன். எந்த வகையில் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து புதுக் கேசட் போட்டுப் பேச ஆரம்பித்தேன். "கோமு, மிஷினுக்குப் போட்டுக் காமிச்சேன். அங்கன யாரும் இல்லைங்குது."

அதற்கு மேல் வரவில்லை. நிறுத்தவும் இல்லை. அம்மாவின் பக்கத்தைப் போல மீதி டேப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, இந்த ஊரின் சீசன் இல்லாத மழை. அந்த மழையாவது பதியட்டும் என்று விட்டிருக்கிறேன்.